ரெஃபரன்ஸுக்கு யார் பெயரைக் கொடுப்பது?

கேள்வி: ஒரே நிறுவனத்தில் 5 வருடமாக இருக்கிறேன். வேறு வேலை தேடுவது இங்கே யாருக்கும் தெரியாது. விண்ணப்பித்த இடத்தில் மூன்று ரெஃபரன்ஸ், அதாவது என் வேலையைப் பற்றி விசாரிக்க மூன்று பேரின் பெயர், கேட்கிறார்கள். பெரிய பதவியில் இருக்கும் என் மாமாவின் பெயரைக் கொடுக்கலாமா?

பதில்: மாமா வேண்டாம். பதவி எவ்வளவு பெரியது என்பதைவிட, உங்கள் வேலையை எவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்தவர் என்பதுதான் முக்கியம். "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், எவ்வளவு காலம் சேர்ந்து வேலை பார்த்தீர்கள்?" என்றுதான் எச்.ஆர். பேச்சையே தொடங்குவார். உறவு அங்கேயே தெரிந்துவிடும். மறைத்துப் பிறகு தெரியவந்தால் இன்னும் மோசம்.

இப்போதைய மேலாளர் இல்லாமலே பட்டியல் தேறும். 5 வருடத்தில் உங்களுக்கு மேலே இருந்துவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போனவர் ஒருவராவது இருப்பார்; அவர்தான் முதல் ஆள். அடுத்து, உங்களோடு ஒரே பிராஜெக்டில் இருந்து, பிறகு விலகிய வேறு பிரிவின் சீனியர். மூன்றாவதாக, சம அந்தஸ்தில் இருந்த பழைய சக ஊழியர். அந்த வகையில் ஒருவருக்கு மேல் வேண்டாம். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவரைக் கொடுப்பது நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் அவர் உங்கள் மேலாளரோடு வாராவாரம் பேசுகிறவர் என்றால் சேதி அன்றைக்கே கசியும்.

இப்போதைய மேலாளரின் பெயர் கட்டாயம் என்றால் எழுதுங்கள்; பக்கத்திலேயே "ஆஃபர் உறுதியான பிறகு மட்டும் தொடர்புகொள்ளவும்" என்று போடுங்கள். ஆன்லைன் படிவத்தில் அதற்கு இடமில்லையா? எச்.ஆருக்குத் தனியாக ஒரு மெயில் அனுப்புங்கள். இது வழக்கமான வேண்டுகோள்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரெஃபரன்ஸ் விசாரணை முடிந்தால்தான் ஆஃபர் செல்லுபடியாகும் என்று கடிதத்தில் இருந்தால், அது முடியும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள்.

பலர் சறுக்குவது கேட்கும் விதத்தில்தான். "ரெஃபரன்ஸ் தருவீங்களா சார்?" என்றால், மறுக்கச் சங்கடப்பட்டே சரி என்பார்கள். "இந்த வேலைக்கு என்னைப் பற்றித் தயக்கமில்லாமல் நல்லபடியாகச் சொல்ல முடியுமா?" என்று போனில் கேளுங்கள். பதில் இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். "ம்... வேலை பார்த்தார், பரவாயில்லை" என்று சொல்கிற ரெஃபரன்ஸால் ஆஃபரே கைநழுவலாம்.

சரி என்றவருக்கு அன்றைக்கே ரெஸ்யூமே, வேலை விளம்பரம், கூடவே மூன்று நான்கு வரி அனுப்புங்கள். அந்த வரிகள் இப்படி இருக்கட்டும்: "2023-ல் பில்லிங் சாஃப்ட்வேர் மாற்றியபோது பழைய டேட்டாவைச் சரிபார்த்தது நான். மாதக் கணக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை." சொல்லிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம், அவருக்கு நினைவிருக்காது, அவ்வளவுதான். பதவிப் பெயரும் சேர்ந்த, விலகிய மாதங்களும் ரெஸ்யூமேயில் உள்ளபடியே அவருக்கும் தெரிய வேண்டும். "திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா?", "எதில் முன்னேற வேண்டும்?" என்ற இரண்டையும் பெரும்பாலும் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ரெஃபரன்ஸ் தருபவர்களின் விவரங்களை ரெஸ்யூமேயில் போடாதீர்கள். அடுத்தவர் போன் நம்பர், கண்ட இடமெல்லாம் சுற்றும். தனித்தாளில் தயாராக வைத்து, கேட்டபோது கொடுங்கள்: பெயர், அப்போதைய பதவி, இப்போதைய பதவி, சேர்ந்து வேலை பார்த்த காலம், நாட்டுக் குறியீட்டோடு போன் நம்பர், பேச வசதியான நேரம், அலுவலக மெயில். வெறும் ஜிமெயில் முகவரி மட்டும் இருந்தால் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை.

நண்பரை மேலாளராக நடிக்க வைக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் நீங்கள் கொடுத்த நம்பரை விட்டுவிட்டு நிறுவனத்தின் பொது நம்பருக்கே அழைப்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு பிடிபட்டாலும் நீக்க முடியும்.

தாளைக் கொடுத்ததும் மூவருக்கும் எந்த நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும் என்று சொல்லிவிடுங்கள். தெரியாத நம்பரைப் பலர் எடுப்பதில்லை. மெயிலும் ஸ்பாமில் போய் விழும். ஒருவர் ஊரில் இல்லாமல் போகலாம் என்பதால் நான்காவதாக ஒருவரிடமும் கேட்டு வையுங்கள்.