நாற்காலிக் கைப்பிடியில் ஆதி தாளம்

சபாவில் கச்சேரி முழுக்க என் கணவர் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் தட்டுகிறார். பக்கத்தில் இருப்பவர் முறைக்கிறார். நிறுத்தச் சொல்லலாமா? (வாசகி, மயிலாப்பூர்)

கையைத் தொடைக்கு மாற்றச் சொல்லுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். முறைக்கிறாரே, அவரும் உள்ளுக்குள் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அசையாமல் படுத்துத் தாளத்தை வெறுமனே கேட்டவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, அசைவுக்கான பகுதிகளும் இயங்குவது தெரிந்தது. உங்கள் கணவர் மறைக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடியும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது. ஏன்? (வாசகர், நங்கநல்லூர்)

காத்திருந்ததால். கோர்வை என்பது முத்தாய்ப்பாக வரும் கணக்கான தாளக் கோப்பு, மூன்று முறை வரும். முதல்முறை காது பழகுகிறது, இரண்டாம் முறை கணக்குப் போடுகிறது, மூன்றாம் முறை, தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழுமா என்று மூச்சைப் பிடிக்கிறது. மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அதற்குச் சில நொடிகள் முன்பே, மூளையின் வேறொரு பகுதியில் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம் சுரந்திருந்தது. அவர்கள் மிருதங்கத்தைச் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள்.

ஆறு மாதக் குழந்தை பறைச் சத்தம் கேட்டால் துள்ளுகிறது. பயமா? (வாசகி, ராயபுரம்)

முகத்தைப் பாருங்கள், சிரித்தால் பயமில்லை. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்களின் மூளை, தூக்கத்திலும் தாளத்தின் முதல் தட்டு விடுபட்டதைக் கவனித்ததாக 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. அருகில் மட்டும் தூக்கிப்போகாதீர்கள், பிஞ்சுக் காது.

பார்க்கின்சன் நோயுள்ள அப்பா, வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். பாட்டுப் போட்டால் நடக்கிறார். நடிக்கிறார் என்கிறார் அண்ணன். (வாசகர், தாம்பரம்)

நடிப்பில்லை என்று அண்ணனிடம் அழுத்தியே சொல்லுங்கள். ‘இப்போது அடி எடுத்து வை’ என்று உள்ளிருந்து சைகை தரும் பகுதியைத்தான் இந்த நோய் பாதிக்கிறது. வெளியிலிருந்து வரும் தாளம் அந்தச் சைகையைத் தருகிறது. 1990களிலேயே இதை நடைப்பயிற்சியாக்கிவிட்டார்கள்.

நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி, அதே வேகத்துக்குக் கைபேசியில் மெட்ரோனோமை (சீரான வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும் செயலி) வையுங்கள். பிடித்த பாட்டும் போடலாம். தட்டு தெளிவாகக் கேட்க வேண்டும், தாளமில்லாத ஆலாபனை உதவாது. ஆரம்பத்தில் பிசியோதெரபிஸ்ட் உடனிருக்கட்டும். தெருவில் இயர்போன் கூடாது. வாசற்படிக்கு முன்னால் தரையில், ஓரடி இடைவெளியில் வண்ண டேப்பைக் குறுக்காக ஒட்டிப் பாருங்கள். பாட்டு இல்லாத நேரத்தில் கோட்டைத் தாண்டியே கடந்துவிடக்கூடும்.