எக்ஸ்டென்ஷன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற சொல் வருகிறவற்றை மட்டும் சேர்த்திருக்கிறோம். சொல் ஒன்றுதான், விஷயம் ஒவ்வொன்றிலும் வேறு. அந்தந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களே பதில் எழுதியிருக்கிறார்கள்.

கிச்சனில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இண்டக்‌ஷன் அடுப்பையும் மிக்ஸியையும் ஓட்டுகிறோம். பாக்ஸில் 16 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனாலும் ஒயர் தொட முடியாத அளவு சுடுகிறது. வேறு பாக்ஸ் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, பெரம்பூர்

முதலில் அந்த பாக்ஸில் அடுப்பை ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பாக்ஸில் இருக்கும் 16 என்ற எண் சாக்கெட்டுக்கு உரியது. ஒயர் எவ்வளவு தாங்கும் என்பது ஒயரின் மேலுறையில் அச்சாகியிருக்கும். விலை குறைந்த பாக்ஸ்களில் பெரும்பாலும் 0.75 சதுர மி.மீ. ஒயர்தான் வருகிறது. அது தாங்குவது சுமார் 6 ஆம்பியர். 2000 வாட்ஸ் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 750 வாட்ஸ் மிக்ஸிக்கு இன்னும் 3.3. மொத்தம் 12 ஆம்பியர். கரன்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் இளகும், பிறகு ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கொள்ளும்.

‘ஒயர் அவ்வளவு சுட்டால் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) டிரிப் ஆகிவிடாதா?’ என்று பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் ஆபத்து. சுவரில் இருக்கும் எம்சிபி, சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றப் போட்டது. அது 16 ஆம்பியர் என்றால் 12 ஆம்பியரைப் பார்த்து அசையாது. எம்சிபி ஆன் நிலையிலேயே இருக்க, தரையில் கிடக்கும் மெல்லிய ஒயர் கருகும்.

செய்ய வேண்டியது இதுதான். சுவரில் இருப்பது தடித்த பின் போகும் 16 ஆம்பியர் பாயின்டா என்று பாருங்கள். அப்படியென்றால் 2.5 சதுர மி.மீ., மூன்று கோர், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள காப்பர் ஒயரில் 3 மீட்டருக்கு மிகாமல் ஒரு பாக்ஸ் செய்து, அடுப்பை மட்டும் அதில் ஓட்டலாம். சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பாயின்ட் என்றால் எந்த பாக்ஸும் உதவாது. மெயின் போர்டிலிருந்து தனி எம்சிபி போட்டு, கிச்சனுக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருக வைக்கும் கன்வெர்ட்டரைக் கடைக்காரர் நீட்டுவார், வாங்காதீர்கள்.

பாக்ஸை எலக்ட்ரீஷியன் முடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உறையை 10 முதல் 12 மி.மீ. வரை உரித்து, இழைகளை முறுக்கி, இரண்டாக மடித்து ஸ்க்ரூவுக்குள் விட வேண்டும். ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பிளக்குக்குள் பச்சை ஒயர் மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக இருக்கட்டும். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தாலும் எர்த் கடைசியாகத்தான் அறும். ஒயரின் வெளி உறையை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கிறதா என்றும் பாருங்கள், அவசரத்தில் பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

ஒயர் சுடாமல் பிளக் மட்டும் சுட்டால், பின் பழுப்பேறியிருந்தால், அது லூஸ் கான்டாக்ட். எல்லா வகைப் பின்னும் போகும் சாக்கெட்டுகளில் இது சகஜம். பின்னைச் சுரண்டிப் பயனில்லை, சாக்கெட்டை மாற்ற வேண்டும். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி வைப்பதும் தவறு, சுருளுக்குள் சூடு வெளியேற வழி கிடையாது. ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ் போடுவதும் அப்படியே. மழைத் தண்ணீர் ஏறும் தரைத்தள வீடுகளில் பாக்ஸைச் சுவரில் உயரமாக மாட்டுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீடாக இருந்தால், அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ரிப்போர்ட்டில் ‘எக்ஸ்டென்ஷன் லேக் 10 டிகிரி’ என்று எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?
– வாசகர், வேளச்சேரி

முட்டியை நேராக நீட்டுவதை எக்ஸ்டென்ஷன் என்பார்கள். கால் முழு நேராக இருந்தால் அது 0 டிகிரி. அம்மாவைப் படுக்க வைத்து, குதிகாலைப் பிடித்து நீங்கள் தூக்கினால் முட்டி நேராகிவிடும். அவரே தூக்கும்போது கடைசி 10 டிகிரி மடங்கியே நிற்கும். இதைத்தான் எக்ஸ்டென்ஷன் லேக் என்கிறார்கள். மூட்டில் இடம் இருக்கிறது, தசையில் பலம் போதவில்லை. தொடையின் முன்பக்கத்துக் குவாட்ரிசெப்ஸ் தசை ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் சோர்ந்துபோகும். மூன்று வாரத்தில் இது வழக்கமாகப் பார்ப்பதுதான்.

நீங்கள் தூக்கியும் முட்டி நேராகவில்லை என்றால் கதை வேறு. அது மூட்டின் இறுக்கம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. நேராகாத காலோடு நடந்தால் குவாட்ரிசெப்ஸ் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக உழைத்துச் சீக்கிரம் களைத்துவிடும், இடுப்பும் வலிக்கத் தொடங்கும்.

பாசத்தில் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு ஒன்று உண்டு: முட்டிக்கு அடியில் தலையணை. மடங்கியிருப்பது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் முட்டி மடங்கியே இறுகும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நின்று தன் எடையாலேயே கீழே இறங்கும். 10 நிமிடம் போதும், வலி கூடினால் உடனே எடுத்துவிடுங்கள்.

பலத்துக்கான பயிற்சிக்கு மட்டும் துண்டு முட்டிக்கு அடியில் வர வேண்டும். முட்டியால் துண்டை அழுத்தி, 5 விநாடி பிடித்து, விட வேண்டும். 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை என்று தொடங்கலாம். அப்போது மூச்சை அடக்கக் கூடாது. எண்ணிக்கையை உங்கள் பிசியோதெரபிஸ்ட் பார்த்துக் கூட்டுவார். கெண்டைக்காலில் புதிதாக வீக்கம், வலி, காய்ச்சல், தையலில் கசிவு, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்ளிகேஷனில் ‘ஜேபிஜி மட்டும்’ என்று இருந்தது. ஐபோனில் எடுத்த போட்டோவின் எக்ஸ்டென்ஷனை ஹெச்இஐசி-யிலிருந்து ஜேபிஜி என்று மாற்றினேன். அப்படியும் ஏற்கவில்லை. ஏன்?
– வாசகி, தாம்பரம்

பெயரை மாற்றியதால் ஃபைலின் உள்ளே எதுவும் மாறவில்லை. ஜேபிஜி ஃபைல் ஒவ்வொன்றும் ‘எஃப்எஃப் டி8’ என்ற இரண்டு பைட்டுகளோடு தொடங்கும். பல இணையதளங்கள் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்தோடு நிற்காமல் இந்தத் தொடக்கத்தையும் பார்க்கின்றன.

ஏற்கெனவே எடுத்த போட்டோவை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டோஸ் ஆப்பில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து ஜேபிஜி தேர்ந்தெடுங்கள். திறக்கவே இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இலவசமாகக் கிடைக்கும் (இந்த எக்ஸ்டென்ஷன் இன்னொரு ரகம், புரோகிராமுக்குக் கூடுதல் திறன் தரும் துணைப் புரோகிராம்). இனி எடுக்கப்போகும் படங்களுக்கு ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’. ஜேபிஜி ஆன பிறகும் மறுத்தால், ஃபைலின் கேபி அளவு அப்ளிகேஷன் கேட்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத ரசீது என்று வரும் ஃபைலின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் தொடாதீர்கள். அது ஆண்ட்ராய்டு போனில் ஏறி உட்காரும் ஆப். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிபியைத் திருடும். தெரியாமல் ஏற்றிவிட்டால் உடனே நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். அடுத்த போன் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு.

அண்ணா நகர் மேற்கு எக்ஸ்டென்ஷனில் இருக்கிறோம். பார்சல் எல்லாம் அண்ணா நகர் மேற்குக்கே போகிறது.
– வாசகர், அண்ணா நகர்

பின்கோடைப் பாருங்கள். அண்ணா நகர் 600040, மேற்கு எக்ஸ்டென்ஷன் 600101. பழைய பின்கோடு ஏதாவது ஆப்பில் பதிந்து கிடக்கும். எக்ஸ்டன். என்று சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.

நகருக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் வந்தால், பழைய மனைப்பிரிவை ஒட்டிப் பிறகு சேர்ந்த பகுதி. தெருவுக்குப் பின்னால் வந்தால், அதே தெருவின் நீட்சி. இந்த இரண்டாவது வகையில் அதே கதவு எண் இரண்டு இடத்திலும் இருக்கக்கூடும். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுவது அங்கே கட்டாயம்.

விம்கோ நகர் மெட்ரோவை எக்ஸ்டென்ஷன் என்றார்கள். பூந்தமல்லி லைனை ஏன் அப்படிச் சொல்வதில்லை?
– வாசகர், திருவொற்றியூர்

வண்ணாரப்பேட்டையில் முடிந்த அதே பாதையைச் சுமார் 9 கி.மீ. நீட்டி 2021 பிப்ரவரி 14 அன்று திறந்தார்கள். ஏர்போர்ட்டில் ஏறியவர் மாறாமல் விம்கோ நகரில் இறங்கலாம். பூந்தமல்லி – கலங்கரை விளக்கம் தனி வழித்தடம்.

மதுராந்தகம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மண் பரிசோதனைக்கு ‘எக்ஸ்டென்ஷன் ஆபீசில் கேளுங்க’ என்கிறார்கள். அது எது?
– வாசகி, குரோம்பேட்டை

வேளாண்மை விரிவாக்க மையம். ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்ததை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்குத்தான் விரிவாக்கம் என்று பெயர். வட்டாரத்துக்கு வட்டாரம் இருக்கிறது. உங்கள் கிராமத்தைக் கவனிக்கும் உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று அங்கே கேளுங்கள். காய்கறி, பழமரம் என்றால் தோட்டக்கலைத் துறை. செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. இந்த வகை நிலையத்தில் நாட்டிலேயே முதலாவது 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது.

மண்ணை ஒழுங்காக எடுக்காவிட்டால் முடிவு தப்பாக வரும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், அண்மையில் உரம் போட்ட இடம் வேண்டாம். வயலில் குறுக்கும் நெடுக்குமாக 10, 15 இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். அந்தச் சரிவிலிருந்து ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இப்படியே. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, சர்வே எண், முன்பு போட்ட பயிர், அடுத்து போடப்போகும் பயிர் மூன்றையும் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். போவதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. தமிழிலேயே பேசலாம்.