தூக்குவாளியோடு வந்தால் பார்சல் கொடுக்கலாமா?

கேள்வி: திருச்சியில் சின்ன மெஸ் நடத்துகிறோம். பார்சலுக்குத் தூக்குவாளி, டிபன் கேரியர் கொண்டுவருபவர்கள் கூடிவிட்டார்கள். அளவு குறைகிறது என்று தகராறு வேறு. எப்படிச் சமாளிப்பது?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் பைக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சுடு சாம்பாருக்கு எவர்சில்வர் தூக்கைவிட நல்ல பாத்திரம் கிடையாது. ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: வெளிப்பாத்திரம் அடுப்படிக்குள் நுழையக் கூடாது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசை, அதன்மேல் அகலமான எவர்சில்வர் தட்டு. பாத்திரத்தைக் கொண்டுவந்தவரே திறந்து தட்டில் வைக்கட்டும். மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கவனியுங்கள். நேற்றைய மோர்க்குழம்பு அங்கேதான் ஒட்டியிருக்கும். வாடையோ ஈரமோ இருந்தால் நீங்கள் கழுவித் தர வேண்டாம். முன்பணம் வாங்கிக்கொண்டு உங்கள் தூக்கில் கொடுத்தனுப்புங்கள்.

அளவுத் தகராறு கண்ணால் வருவது. பையில் புடைத்து நிற்கும் 300 மில்லி சாம்பார், இரண்டு லிட்டர் தூக்கில் அடியில்தான் கிடக்கும். அதனால் 300 மில்லி குவளை ஒன்றை வைத்து, அவர் கண்ணெதிரே ஊற்றுங்கள். குவளை தூக்கின் விளிம்பில் படக் கூடாது. பட்டுவிட்டால் அது கழுவப் போக வேண்டும், திரும்ப அண்டாவுக்குள் இறங்கக் கூடாது. இந்த இடத்தில்தான் பையன்கள் அவசரத்தில் கோட்டை விடுவார்கள். மாற்றுக் குவளை குறைந்தது இரண்டு கைவசம் இருக்கட்டும். பொங்கல், பிரியாணிக்குத் தராசு. வெறும் பாத்திரத்தை வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் போடுங்கள்.

சாம்பார், ரசம் 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்கும்போதே ஊற்றுங்கள். மேலே ஓர் அங்குலம் காலி விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே இறுக்கினால், ஆறும்போது உள்ளே ஆவி தண்ணீராகிக் காற்றழுத்தம் குறையும்; மூடி கவ்விக்கொண்டு திறக்காது. இரண்டு நிமிடம் பொறுத்து மூடுங்கள். தோசை, வடைக்கு மூடி தளர்வாகவே இருக்கட்டும், இல்லையென்றால் வேர்த்து நமத்துவிடும். கேரியரில் சாம்பார் அடுக்குக்கு நேர் மேலே தேங்காய்ச் சட்னியை வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் சீக்கிரம் ஊசிவிடும்.

ஈயம் பூசாத பித்தளையிலும் அலுமினியத்திலும் ரசம், புளிக்குழம்பு ஊற்றாதீர்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் சூடாக எதுவுமே வேண்டாம்.

பாத்திரம் கொண்டுவருபவரிடம் பார்சல் காசு வாங்காதீர்கள். பில்லில் அதைத் தனி வரியாகக் காட்டிக் கழியுங்கள். அடுத்து நிற்பவர் கண்ணிலும் படட்டும்.