ஸ்பீக்கருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எதை வைக்கலாம்: ஸ்பைக்கா, ப்ளூடாக்கா, சார்போதேனா?

நீங்கள் மாடியில் குடியிருக்கிறீர்கள், கீழே இருப்பவர் ஒரு தடவையாவது மேலே ஏறி வந்து உங்கள் பாட்டில் வீடு அதிருகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். (ஸ்பைக் என்பது கூரான இரும்புக் கால், மற்ற இரண்டும் அடியில் வைக்கிற மெத்துப் பொருள்கள்.) தரைத்தளத்தில், கெட்டியான சிமென்ட் தரையில் ஸ்டாண்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக வராது. ஸ்பீக்கர் அலமாரியில் வைக்கும் சின்ன வகை, எடை ஆறேழு கிலோ, ஸ்டாண்டு இரும்பு. சரிதானே?

என் பதில் இதுதான். எந்தப் பொருள் என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் ஸ்பீக்கர் எத்தனை கிலோ, அந்த எடையில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு உட்காருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமல் "இது வாங்குங்க, சூப்பரா இருக்கும்" என்று யார் சொன்னாலும் காசை எடுக்காதீர்கள்.

சேலத்தில் 26 வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தறிக்கும், கம்ப்ரஸருக்கும், மோட்டாருக்கும் அடியில் பேடு போட்டுக் கொடுப்பதும் எங்கள் வேலையில் ஒரு பங்கு. "பட்டறைக்காரனுக்கு ஆடியோவைப் பற்றி என்ன தெரியும்" என்று ஒருவர் நேரிலேயே கேட்டிருக்கிறார். அதிர்வு என்பது ஆடியோவில் ஒரு மாதிரி, மோட்டாரில் ஒரு மாதிரி நடப்பதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு சேலத்தில் குகை என்கிற பகுதியில். தாத்தா கட்டியது. மாடித் தளம் கான்கிரீட் கிடையாது. தேக்கு உத்தரம் போட்டு, குறுக்கே கட்டை அடுக்கி, செங்கல்லைக் குத்துவாட்டில் வைத்துச் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய மச்சு. குழந்தை ஓடினாலே கீழே தெரியும். அப்பா மிருதங்கம் வாசித்தவர். பெரிய பேர் எடுக்கவில்லை, ஆனால் சுற்றுவட்டாரக் கோயில் கச்சேரிகளில் கூப்பிடுவார்கள். அவர் வாசித்த இரண்டு கேசட் என்னிடம் இருக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். ராத்திரி பட்டறை மூடிவிட்டு வந்து மாடியில் அதைத்தான் கேட்பேன். கீழே, நேர் அடியில், அம்மா படுக்கிற அறை. அம்மாவுக்கு 78 வயது.

ஒருநாள் காலையில் அம்மா சொன்னார், "கண்ணு, நீ பாட்டுப் போட்டா பாட்டு கேக்கலடா எனக்கு. உலக்கை போடற மாதிரி கட்டிலு மட்டும் அதிருது." அப்பாவின் தொப்பி அடி மட்டும் உத்தரம் வழியாக இறங்கியிருக்கிறது. மிருதங்கத்தில் ரவை அப்பிய அந்த இடது பக்கம்தானே தொப்பி, கீழ்ச்சுருதி எல்லாம் அங்கேதான். அவர் அதில் கும்கி என்கிற ஊங்கார நாதம் கொடுக்கிற அழகை ஐம்பது வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டவர் அம்மா. அவருக்குப் போய்ச் சேருவது உலக்கைச் சத்தம். அன்றைக்கே இதைச் சரி செய்யாமல் விடுவதில்லை என்று இறங்கினேன்.

முதலில் கையில் இருந்ததை வைத்தேன். தறிக்கு அடியில் போடுகிற, கட்டம் கட்டமாக வரிபோட்ட கறுப்பு ரப்பர் பேடு. அதைத்தான் நிறைய பேர் சொல்வார்கள். நான்கு துண்டு வெட்டி வைத்து, நீளமான ஸ்க்ரூ டிரைவர் எடுத்து முனையை ஸ்டாண்டுத் தூணில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்டேன். பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க பட்டறையில் இப்படித்தான் செய்வோம். இரும்புக்குள் கச்சேரி முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. பேடு வைப்பதற்கு முன் எப்படியோ அப்படியே. வெர்னியர் வைத்து அளந்தால் பேடு துளிகூட அமுங்கவில்லை. பல நூறு கிலோ மெஷினுக்குச் செய்த பேடு அது. ஏழு கிலோவை அதன்மேல் வைத்தால் கருங்கல் மேல் வைத்த மாதிரிதான்.

அடுத்து சோபா ஃபோம். இது நேர் எதிர். முழுசாக நசுங்கி, விரலால் ஸ்பீக்கரைத் தொட்டால் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஆடியது. மூன்றே வாரத்தில் ஃபோம் அப்பளமாகிவிட்டது. அமுங்க இடமில்லாத ஃபோம் எதையும் தடுக்காது.

மூன்றாவதாக ஆன்லைனில் சார்போதேன் என்று போட்டிருந்ததை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது சாதாரண கறுப்பு ரப்பர். உண்மையான சார்போதேன் ஒருவகைப் பாலியூரித்தேன். விரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் மெதுவாகத்தான் திரும்பும், கொஞ்சம் ஒட்டும். வந்தது டக்கென்று எழும்பியது. திருப்பி அனுப்பக் கேட்டால் "கவர் பிரிச்சாச்சு, எடுக்க முடியாது" என்று பதில். பிரிக்காமல் எப்படி அழுத்திப் பார்ப்பது?

அசல் சார்போதேன் நல்ல பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதுவும் எடைக்கு ஏற்ற கடினத்தில் வாங்கினால்தான் வேலை செய்யும். உயரத்தில் 10-லிருந்து 20 சதவீதம் வரை அமுங்க வேண்டும். மரப் பாலிஷில் கறை விடும், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வையுங்கள்.

இதற்குள் இருக்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். பேடு எத்தனை மில்லி அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுத்தால், பேடும் ஸ்பீக்கரும் சேர்ந்து தானாக ஆடுகிற வேகம் ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று, கிடைக்கும். 1 மில்லி அமுங்கினால் 16, 4 மில்லி அமுங்கினால் 8. அந்த வேகத்தைப் போல 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வைத்தான் பேடு தடுக்க ஆரம்பிக்கும். மூன்று மடங்கு தாண்டினால் நன்றாகத் தடுக்கும். அதே வேகத்தில் வருகிற அதிர்வைத் தடுக்காது, கூட்டிவிடும். தறிப் பேடு ஏன் தோற்றது என்பது இப்போது புரியும். அமுங்காத பேடு தடுக்காது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் ஆறு விசைத்தறி ஓடுகிறது, அந்த ஆட்டம் ஸ்பீக்கருக்கு வராமல் இருக்குமா என்று என் மச்சான் கேட்டார். இருக்காது. தறி நிமிஷத்துக்கு 120 அடி என்றால் நொடிக்கு இரண்டு. அதைத் தடுக்க வேண்டுமானால் பேடு 12 சென்டிமீட்டருக்கு மேல் அமுங்க வேண்டும். அப்படி ஒரு பேடு கிடையாது, நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

சரி, எனக்கு எது ஒத்துவந்தது? அம்மாவின் செருப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை, வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்புதான் போடுவார். ஒருநாள் வாசலில் கிடந்ததை நகர்த்தி வைக்க எடுத்தவன் அப்படியே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே பொடிப்பொடியாகக் காற்றறை கொண்ட ரப்பர். ரப்பரின் கடினத்தைச் சொல்கிற ஷோர் ஏ அளவில் 15 சொச்சம்தான். புண் வராமல் இருக்க உடம்பு எடையைப் பரவலாகத் தாங்குவதற்கென்றே செய்தது. சின்னக்கடை வீதிப் பக்கம் செருப்புச் சாமான் விற்கிற கடையில் 10 மில்லி ஷீட்டில் ஒரு துண்டு கிடைத்தது.

இப்போது எடை. மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், 7.2 கிலோ. பிறகு ஒரு உருட்டுக் கம்பியைத் தரையில் போட்டு அதன்மேல் ஸ்பீக்கரை நிறுத்தி, எங்கே சமமாக நிற்கிறது என்று பார்த்தேன். உங்களிடம் கம்பி இல்லையென்றால் சப்பாத்திக் கட்டை போதும். ஆழம் 27 சென்டிமீட்டர், சமமாக நின்ற இடம் முன்பக்கத்திலிருந்து 11. காந்தம் எல்லாம் முன்னால்தானே இருக்கிறது. ஆக முன் இரண்டு மூலைக்கும் தலா 2.2 கிலோ, பின் மூலைக்குத் தலா 1.4. நான்கு மூலைக்கும் ஒரே அளவுத் துண்டு வைத்தால் ஸ்பீக்கர் முன்பக்கம் குனியும், மேல்சுருதி பேசுகிற குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர் காதை விட்டு இடுப்பைப் பார்க்கும்.

முன்னால் 15 மில்லி சதுரம், பின்னால் 12 மில்லி சதுரம். இத்தனூண்டா என்று கேட்பீர்கள். இதுதான் எல்லோரும் தவறு செய்கிற இடம். பெரிய துண்டு வைத்தால் எடை பரவிவிடும், பேடு அமுங்காது. கட்டைவிரல் நகத்தளவு துண்டுதான் ஏழு கிலோவுக்குச் சரி. வைத்து ஒரு ராத்திரி விட்டு வெர்னியரில் பார்த்தேன், நான்கு மூலையும் எட்டரை மில்லி. ஒன்றரை மில்லி அமுங்கியிருக்கிறது, கணக்குக்கு 13 ஹெர்ட்ஸ். ரப்பர் அதிரும்போது இன்னும் கொஞ்சம் விறைப்பாக நடக்கும், 15, 16 என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாகப் பேசாது. போதும்.

அந்தத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தவர் கடைக்கு வெளியே உட்கார்ந்து செருப்புத் தைக்கிற ஒரு பெரியவர். தோல் அறுக்கிற கத்தியால் நூல் பிடித்த மாதிரி எட்டுத் துண்டு. 40 ரூபாய் கேட்டார், கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது ஒன்று நினைத்துக்கொண்டேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிற ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், பில் கொடுத்து 120 நாள் ஆகியும் பணம் தரவில்லை. சிறு தொழில் செய்பவனுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. பணம் வந்ததோ இல்லையோ, பில் போட்டதற்கு அடுத்த மாதம் ஜி.எஸ்.டி. என் கையிலிருந்து போகிறது. கேட்டால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். சேலத்தில் என்னைப் போல எத்தனை பேர். எட்டுத் துண்டு ரப்பருக்கு அந்த நிமிஷமே கூலி கொடுக்க முடிகிற ஊரில், எட்டாயிரம் புஷ் கடைந்து கொடுத்த கூலிக்கு நான்கு மாதம் ஏன் நிற்க வேண்டும்?

விட்டதற்கு வருகிறேன். ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்டேன். ஸ்டாண்டுக்குள் மிருதங்கம் தேய்ந்து எங்கேயோ தூரத்தில் இருந்தது. முன்பே ஸ்டாண்டுத் தூணுக்குள் வறுத்து ஆறவைத்த மணல் நிரப்பியிருந்தேன், அதுவும் சேர்ந்து உதவியது. ஈர மணலைக் கொட்டினால் இரும்பு துருப்பிடிக்கும். அம்மாவிடம் சொல்லாமல் அன்று ராத்திரி அதே கேசட்டை, அதே அளவு சத்தத்தில் போட்டேன். காலையில் நானே கேட்டேன். "சத்தம் லேசா வந்துச்சு கண்ணு. கட்டிலு ஆடல. அப்பாது தானே?" என்றார்.

சத்தம் வந்தது என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள். காற்று வழியாகத் தளத்தில் மோதி இறங்குகிற சத்தத்தை எந்தப் பேடும் தடுக்காது. ஸ்டாண்டு வழியாக இறங்குவதை மட்டும்தான் தடுக்கும். கீழ்வீட்டுக்காரர் பேச்சும் பாட்டும் கேட்கிறது என்கிறார் என்றால் வால்யூமைக் குறைப்பது தவிர வழியில்லை. கட்டில் அதிருகிறது, பாத்திரம் நடுங்குகிறது என்கிறார் என்றால் பேடு உதவும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பைக் அதிர்வைத் தடுக்காது. கார்ப்பெட் மேலே ஆடாமல் நிற்க வைக்கும், டைல்ஸைக் கீறும். ப்ளூடாக் போஸ்டர் ஒட்டுகிற, களிமண் மாதிரியான பசை. நான்கு மூலையில் பட்டாணி அளவு வைத்தால் ஸ்பீக்கர் வழுக்கி விழாது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதுவே பெரிய விஷயம். ஆனால் கீழ்வீட்டுக்காரருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் இளகி எண்ணெய்க் கறையும் விட்டது. ஐசோஅகூஸ்டிக்ஸ் மாதிரி கம்பெனிப் பொருட்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் ஒவ்வொரு மாடலுக்கும் இத்தனை கிலோ என்று எடை போட்டுத்தான் விற்கிறார்கள். காசு இருந்தால் எடை பார்த்து வாங்குங்கள்.

பேடு வைத்தால் பாஸின் குத்து போய்விடும் என்பார்கள். என் காதுக்கும் முதல் இரண்டு நாள் ஏதோ குறைந்த மாதிரிதான் இருந்தது. தளமும் சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்த பங்குதான் குறைந்தது. மூன்றாம் நாள் அப்பா தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கிற அந்த ஊங்காரம் தனியாகக் கேட்டது. முன்பு அது தளத்து அதிர்வோடு கலந்து ஒரே மொத்தையாக இருந்தது. உங்கள் காதுக்கு வேறு மாதிரி பட்டால் அது உங்கள் இஷ்டம், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எம்.சி.ஆர். நாளாக நாளாகத் தட்டையாகும். துண்டின் பக்கவாட்டில் வைத்த தேதியைப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன். ஏழரை மில்லிக்கு இறங்கினால் மாற்றிவிடுவேன். உங்கள் ஸ்பீக்கரின் எடை, ஆழம், சப்பாத்திக் கட்டை மேல் சமமாக நின்ற இடம் மூன்றையும் சொல்லுங்கள், துண்டின் அளவைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.