எப்படி உடையும் என்று முதலில் கேளுங்கள்: கண்ணாடி குறித்த வாசகர் கேள்விகள்

கண்ணாடி வாங்க வருபவர்கள் நிறம் கேட்கிறார்கள், தடிமன் கேட்கிறார்கள், கறை பிடிக்குமா என்று கேட்கிறார்கள். உடைந்தால் எப்படி உடையும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பொருத்தும் இடத்தைப் பார்த்ததும் என் மனதில் முதலில் எழுவது அந்தக் கேள்விதான். இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பாதி, உடைந்த பிறகு எழுதியவை.

குளியலறையில் 10 மி.மீ. டஃபன்டு கண்ணாடிக் கதவு போட்டிருந்தோம். நள்ளிரவில் வெடிச்சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், கதவு முழுவதும் பொடிப்பொடியாகத் தரையில் கிடந்தது. யாரும் தொடவில்லை. தரமில்லாத கண்ணாடியை ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நல்ல கண்ணாடிக்கும் இது நேரும். காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் அடுத்த கதவையாவது காப்பாற்ற முடியும்.

சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் கிடைப்பது டஃபன்டு கண்ணாடி. மேற்பரப்பு முந்திக்கொண்டு இறுகிவிடும். உட்பகுதி பிறகு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பைத் தன்னோடு சேர்த்து இழுக்கும். ஆகவே வெளித்தோல் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும். நடுப்பகுதி எந்நேரமும் இழுவிசையில் இருக்கும். இந்த இழுபறிதான் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுவைக் கொடுக்கிறது. அந்தத் தோலைத் தாண்டி ஒரு கீறல் உள்ளே இறங்கிவிட்டால், அடக்கி வைத்திருந்த விசை அத்தனையும் ஒரே நொடியில் வெளியேறும். 10 மி.மீ. கண்ணாடியில் அந்தத் தோலின் ஆழம் பக்கத்துக்கு ஏறத்தாழ 2 மி.மீ. தான்.

யாரும் தொடாமல் உடைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கண்ணாடி உருகும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடு துகள். கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். சூட்டில் ஓர் உருவத்தில் இருந்த துகள், சட்டென்று குளிர வைத்ததால் அதே உருவத்தில் சிறைப்பட்டுவிடுகிறது. பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மெல்ல உருமாறிப் பருக்கிறது. அது இழுவிசையில் இருக்கும் நடுப்பகுதியில் அமைந்துவிட்டால் ஒரு நாள் வெடிப்புதான். சில்லுகள் உதிராமல் சட்டத்திலேயே நின்றிருந்தால், உடைப்பு தொடங்கிய இடத்தைத் தேடிப் பாருங்கள்: மற்றவற்றைவிடப் பெரிய இரண்டு துண்டுகள், பட்டாம்பூச்சியின் சிறகுகள்போல் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அந்தத் துகளின் கையெழுத்து அது.

இரண்டாவது காரணம் விளிம்பு. நான் நேரில் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் இதுவே காரணம். டஃபன்டு கண்ணாடியின் முகத்தில் குத்தினால் தாங்கும். மூலையில் ஒரு சிறு தட்டு தட்டினால் தாங்காது. ஒரு வீட்டில் கதவுக் கீலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் வில்லையைப் போடாமலே திருகை முறுக்கியிருந்தார்கள். இரும்பு நேராகக் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் கதவு சற்றே தொங்கி, திறக்கும்போதெல்லாம் கீழ் மூலை தரை ஓட்டில் உரசிக்கொண்டிருந்தது. உரசலில் விழுந்த சிறு கீறல், தருணம் பார்த்துக் காத்திருந்தது.

புதுக் கதவு வாங்கும்போது, ஹீட் சோக் சோதனை செய்த கண்ணாடியா என்று கேளுங்கள். டஃபன் செய்த கண்ணாடியை மறுபடியும் சுமார் 260 டிகிரியில் சில மணி நேரம் வைத்திருப்பார்கள். உடைய வேண்டியது அங்கேயே உடைந்துவிடும். அபாயம் வெகுவாகக் குறையும், ஆனால் அறவே நீங்காது. பொருத்தும் நாளில் நீங்கள் பக்கத்திலேயே நின்று, கீல்களில் வில்லை இருக்கிறதா, நான்கு மூலைகளும் எதிலும் இடிக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளிம்பை வெளிச்சத்தில் பார்ப்பதும் நல்லது.

டஃபன்டு என்று சொல்லிக் கொடுத்த கண்ணாடி உண்மையிலேயே டஃபன்டுதானா? உடைத்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. முதலில் மூலையைப் பாருங்கள். தயாரித்தவரின் பெயரும் தர எண்ணும் அழியாத முத்திரையாகப் பதிந்திருக்கும். அடுத்து, போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்துகொண்டு, வானம் பிரதிபலிக்கும் கோணத்தில் சாய்ந்து பாருங்கள். டஃபன்டு கண்ணாடியில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ வரிசையாகத் தெரியும். காற்றைப் பீய்ச்சிய குழாய்கள் விட்டுச்சென்ற தடம் அது. சாதாரணக் கண்ணாடியில் அது தெரியாது.

ஒரு குறிப்பு: டஃபன் செய்த பிறகு கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. "கொஞ்சம் அறுத்துச் சரிசெய்து தருகிறேன்" என்று ஒருவர் உங்கள் எதிரிலேயே அறுத்துக் கொடுத்தால், அது டஃபன்டு கண்ணாடி அன்று.

மாடி முகப்பில் கண்ணாடிக் கைப்பிடிச் சுவர் வைக்கிறோம். 12 மி.மீ. டஃபன்டு போதும் என்கிறார் வேலை செய்பவர். மேலே கம்பி வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று என் மகன் வேண்டாம் என்கிறான். உங்கள் கருத்து?

இரண்டுக்கும் நான் உடன்படவில்லை.

12 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி உடையாதவரை மிக வலுவானது. உடைந்த நொடியில் அங்கே சுவரே இருக்காது. சாய்ந்து நிற்பவருக்குப் பிடிமானம் போய்விடும். கீழே நிற்பவர் தலையில் சில்லுகள் கொட்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ எடை இருக்கும். ஒன்றரை மீட்டர் அகலமும் 1.1 மீட்டர் உயரமும் உள்ள உங்கள் பலகை ஒன்று கிட்டத்தட்ட 50 கிலோ. சில்லு சிறியதுதானே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அவை பல நேரங்களில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கட்டியாகவே விழும்.

உயரத்தில், தலைக்கு மேல், காலுக்குக் கீழ் ஆகிய மூன்று இடங்களிலும் லேமினேட்டட் கண்ணாடிதான் வேண்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைப்பது அது. 1903இல் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் கையிலிருந்து ஒரு குடுவை தவறி விழுந்தது. விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் குடுவையிலிருந்துதான் லேமினேட்டட் கண்ணாடி பிறந்தது.

ஆக, உங்களுக்கு வேண்டியது 6+6 அல்லது 8+8 மி.மீ. (இரண்டு அடுக்கின் தடிமன்) டஃபன்டு லேமினேட்டட். எது என்பதை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் பொருத்தும் முறையையும் பார்த்துக் கட்டடப் பொறியாளர் முடிவு செய்யட்டும். நடுப்படலம் 1.52 மி.மீ. இருக்கட்டும். இனி உங்கள் மகனுக்கு: இரண்டு அடுக்கும் டஃபன்டாக இருந்து இரண்டுமே உடைந்துவிட்டால், சாதாரணப் படலம் வைத்த பலகை ஈரத்துணிபோல் மடிந்து தொங்கும். அந்த நேரத்தில் ஆளைத் தாங்குவது மேலே ஓடும் கம்பிதான். மெல்லிய கம்பியாகவே இருக்கட்டும், ஆனால் இருக்கட்டும். கம்பியே கூடாது என்றால், விறைப்பான சிறப்புப் படலம் வைத்துக் கணக்கிட்டுச் செய்ய வேண்டும்.

கம்பி வலை பதித்த கண்ணாடி எல்லாவற்றையும்விட வலுவானதுதானே? பள்ளிக் கதவுகளில் அதைத்தானே போடுகிறார்கள்?

பரவலான நம்பிக்கை, ஆனால் தவறு. வலை பதித்த சாதாரணக் கண்ணாடி, அதே தடிமனுள்ள வெற்றுக் கண்ணாடியைவிடச் சற்று வலுக் குறைந்தது. தீப்பிடிக்கும்போது விரிசல் விட்ட கண்ணாடி விழுந்துவிடாமல் பிடித்து வைப்பதே கம்பியின் வேலை. ஒரு பிள்ளை ஓடிவந்து மோதினால் கண்ணாடி உடையும்; உள்ளே போன கையைக் கம்பி பிடித்துக்கொள்ளும்; வெளியே இழுக்கும்போது காயம் இன்னும் ஆழமாகும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் பழைய வலைக் கண்ணாடி இருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள். தீத்தடுப்பும் மோதல் பாதுகாப்பும் சேர்ந்த கண்ணாடிகள் இப்போது கிடைக்கின்றன. மாற்றும்வரை, அதற்கென்றே வரும் பாதுகாப்புப் படலமாவது ஒட்டி வையுங்கள்.

மேற்குப் பார்த்த பெரிய சன்னல். வெயில் தாங்காமல் உட்புறம் கறுப்பு ஃபிலிம் ஒட்டினோம். இரண்டே வாரத்தில் கண்ணாடி குறுக்கே விரிந்துவிட்டது. ஏன்?

விரிசல் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். விளிம்பிலிருந்து சரியாகச் செங்குத்தாகப் புறப்பட்டு, சிறிது தூரம் நேராகப் போய், பிறகு ஆறுபோல் வளைந்து செல்கிறதா? அப்படியானால் அது வெப்ப விரிசல். கறுப்பு ஃபிலிம் வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை. விழுங்கிக் கண்ணாடியைச் சூடாக்குகிறது. நடுப்பகுதி கொதித்து விரிய, சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்பு குளிர்ந்தே இருக்கிறது. நடுவுக்கும் விளிம்புக்கும் வெப்பநிலை 40 டிகிரி வேறுபட்டாலே சாதாரணக் கண்ணாடி ஆபத்தில் இருக்கிறது. டஃபன்டு கண்ணாடி 200 டிகிரி வரை தாங்கும். பாதிச் சன்னலில் மட்டும் நிழல் விழுவதும், கண்ணாடியை ஒட்டித் தடித்த திரை தொங்குவதும் நிலைமையை மோசமாக்கும்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் முதல் வழி: நீண்ட கூரை விளிம்பு, வெளிப்புறத் தட்டி, மரம். உள்ளே வந்த வெப்பத்தைத் திரை போட்டு அனுப்ப முடியாது. கண்ணாடியாலேயே தீர்க்க வேண்டுமென்றால், வெயிலைத் தடுக்கும் லோ-இ பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி போடுங்கள். மிக மெல்லிய வெள்ளிப் படலம் அதில் இருக்கும். வெளிச்சத்தை உள்ளே விட்டு வெப்பக் கதிரைத் திருப்பும். வெயில் உறைக்கும் வீட்டில், அந்தப் பூச்சு வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில் இருக்க வேண்டும்.

பொருத்தியவர் சரியாகத்தான் வைத்தாரா என்று நீங்களே பார்க்கலாம். இருட்டியதும் அறைக்குள் நின்று ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கண்ணாடியருகே பிடியுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நான்கு முகம். நான்கு சுடர்கள் தெரியும். அவற்றுள் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அதுதான் பூச்சு. உங்களிடமிருந்து எண்ணினால் மூன்றாவது சுடராக அது இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத, கண்ணாடிபோல் மின்னும் சன்னல் போட்டோம். இரவில் தெருவில் போகிறவர்களுக்கு வீடு முழுவதும் தெரிகிறதாமே?

தெரியும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்துக்குத்தான் அது ஆடி. விளக்கேற்றியதும் பக்கம் மாறிவிடும். இரவுக்குத் திரைதான்.

அடுப்புக்குப் பின்னால் வெள்ளை நிறக் கண்ணாடிப் பலகை ஒட்ட ஆசை. கடையில் காட்டிய மாதிரி வெண்மையாக இருந்தது. தோழி வீட்டில் பச்சையடித்துத் தெரிகிறதே?

உங்கள் தோழி வீட்டில் சாதாரணக் கண்ணாடியின் பின்புறம் வெள்ளைச் சாயம் பூசியிருப்பார்கள். கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடு தரும் பச்சை அது. விளிம்பைப் பார்த்தாலே தெரியும். வெள்ளை, இளமஞ்சள் போன்ற வெளிர் நிறங்களுக்கு இரும்பு குறைந்த கண்ணாடியைக் கேளுங்கள். கரும்பச்சைக்கும் கறுப்புக்கும் அந்தச் செலவு தேவையில்லை. அடுப்பின் சூட்டுக்கு டஃபன்டு கட்டாயம். மின்செருகித் துளைகளையும் அலமாரிக் கொக்கித் துளைகளையும் முதலிலேயே அளந்து கொடுத்துவிடுங்கள். பிறகு நினைத்துக்கொண்டால் பலகையையே மாற்ற வேண்டியதுதான்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் ஓரமெல்லாம் ரசம் போய்க் கறுத்துவிட்டது. மீட்க முடியுமா?

வீட்டில் முடியாது. ரசம் என்று நாம் இன்றும் சொல்வது பாதரசத்தை வைத்துத்தான். ஒரு காலத்தில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த கலவைதான் பின்புறம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளி பூசும் முறை வந்தது. பெயர் மட்டும் நம் நாவில் நின்றுவிட்டது. அந்த வெள்ளிக்குப் பின்னால் காவலாக இருப்பது மெல்லிய காப்புப் பூச்சும் சாயமும்தான். விளிம்பில் ஈரம் புகுந்தால் வெள்ளி கறுக்கும். துடைக்கும் திரவத்தை நேராகக் கண்ணாடியில் அடித்தால் அது வழிந்து கீழ் விளிம்பில் தங்கும். துணியில் நனைத்துத் துடையுங்கள். அமோனியா கலந்தது வேண்டாம்.

ஒட்டுவதிலும் கவனம் தேவை. சில சிலிக்கான் பசைகள் காயும்போது காடி வாடை அடிக்கும். அந்த அமிலம் பின்சாயத்தை அரித்து வெள்ளியைத் தொடும். வாடையற்ற நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். சுவருக்கும் ஆடிக்கும் நடுவே காற்றோட சிறு இடைவெளியும் விடுங்கள்.

குளியலறைச் சன்னலுக்கு மணல் பீய்ச்சிய கண்ணாடியா, அமிலம் தோய்த்ததா?

அமிலம் தோய்த்தது. மணல் பீய்ச்சியதில் கைரேகையும் எண்ணெயும் படிந்தால் போகாது. அதோடு, மங்கலான முகம் உட்புறம் இருந்து அதில் தண்ணீர் பட்டால், பட்ட இடம் தெளிந்து உள்ளே தெரியும்.

சாலைச் சத்தம் உள்ளே வராமல் இருக்க இரட்டைக் கண்ணாடி போட்டோம். பெரிய மாற்றம் இல்லையே?

இரண்டும் ஒரே தடிமனாக இருக்கும். ஒரே தடிமன் என்றால் இரண்டும் ஒரே சுருதியில் அதிரும்; ஒன்று விட்ட சத்தத்தை இன்னொன்றும் விட்டுவிடும். 6 மி.மீ. ஒரு பக்கம், 10 மி.மீ. மறுபக்கம் என்று மாற்றி, ஒன்றை ஒலி அடக்கும் லேமினேட்டாக வைத்தால் வேறுபாடு தெரியும். நடுவே 12 மி.மீ. இடைவெளி வெப்பத்துக்குப் போதும், சத்தத்துக்குப் போதாது. இப்போதுள்ள சன்னலை அப்படியே விட்டு, 10 செ.மீ. தள்ளி உட்புறம் இன்னொரு சன்னல் வைப்பது பல வீடுகளில் நல்ல பலன் தந்திருக்கிறது.

செலவு செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சன்னலை மூடிவிட்டு, சட்டத்தின் ஓரமாக ஓர் ஊதுபத்தியை மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே காற்று நுழைகிறது; காற்று நுழையும் வழியில்தான் சத்தமும் நுழையும். அந்த ரப்பர் பட்டையை முதலில் மாற்றிப் பாருங்கள்.