ப்ளூ பேட்ஜ் இருந்தும் தனியார் பார்க்கிங்கில் 100 பவுண்டு நோட்டீஸ்: எதிர்க்கலாமா?

இங்கிலாந்தில் அம்மாவின் ப்ளூ பேட்ஜை (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி அட்டை) வைத்து சூப்பர்மார்க்கெட்டில் நிறுத்தினீர்கள், நேரம் தாண்டியதால் நோட்டீஸ் வந்துவிட்டது, கட்டுவதா எதிர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று: ப்ளூ பேட்ஜ் சலுகை பொதுச் சாலைகளுக்கானது. தனியார் இடத்தில் அது தானாகச் செல்லாது. அதனால் "பேட்ஜ் இருந்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. உங்களுக்கு வலுவான வாதம் 2010 சமத்துவச் சட்டம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டும் என்கிறது அது. நடக்கச் சிரமப்படுபவருக்குக் கடையில் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அதை விளக்கி, பேட்ஜ் நகல், கடை ரசீது இரண்டையும் இணையுங்கள். கடை மேலாளரிடமும் கேட்டுப் பாருங்கள், பல நேரம் அவர்களே ரத்து செய்யச் சொல்லிவிடுவார்கள்.

பணம் கட்டிவிட்டால் மேல்முறையீட்டுக்கு வழியில்லை. எனவே சீக்கிரம் கட்டினால் கிடைக்கும் 14 நாள் தள்ளுபடி முடிவதற்குள் பார்க்கிங் நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். அவர்கள் மறுத்தால் பாப்லா (POPLA) அல்லது ஐஏஎஸ் (IAS) என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். எது என்பது நிறுவனம் எந்தப் பார்க்கிங் தொழில் சங்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கே தோற்றால் பொதுவாக முழுத் தொகைதான். காரில் அம்மாவே இல்லாமல் நிறுத்தியிருந்தால்? கட்டிவிடுங்கள், சரியா.