பிரான்சின் பி1 டாங்கி: உருவாக்கமும் சோதனையும் – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பி1 டாங்கிக்கான திட்டம் 1921-இல் தொடங்கியும் முதல் கொள்முதல் ஆணை 1934-இல்தான் வந்தது. ஏன் இந்தத் தாமதம்?

பதில்: முதல் உலகப் போரில் செய்த ரெனோ எஃப்டி டாங்கிகள் ஆயிரக்கணக்கில் கையிருப்பில் இருந்ததால், புதியவற்றுக்குப் பணம் ஒதுக்க அரசு அவசரப்படவில்லை. இத்திட்டத்தை முன்னெடுத்த பிரெஞ்சுத் தளபதி எஸ்தியேன் போட்டி நிறுவனங்களை இணங்கவைத்து, 1924-இல் ரூயெலில் நான்கு மாதிரி வண்டிகளைப் பார்வைக்கு வைக்கச் செய்தார். அவற்றிலிருந்து தேறிய வடிவமைப்புக்கு 1927-இல் மூன்று முன்மாதிரிகள் கோரப்பட்டு, முதலாவது 1929-இல் வந்தது. பிறகு ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாடு, டாங்கிகளின் எடைக்கே வரம்பு வருமோ என்ற தயக்கத்தை உண்டாக்கியது.

கேள்வி: நான் இயந்திரவியல் மாணவன். பக்கவாட்டில் திரும்பாத 75 மி.மீ. பீரங்கியை உடற்பகுதியில் வைத்தது பிழையல்லவா?

பதில்: அவ்வளவு எளிதாகப் பிழை என்று சொல்லிவிட முடியாது. பெரிய பீரங்கியைச் சுமக்கும் சுழல் கோபுரம் எடையையும் செலவையும் ஏற்றிவிடும் என்பதால், பீரங்கி மேலும் கீழும் மட்டும் அசைய, வண்டியையே திருப்பிக் குறிபார்ப்பது என்று முடிவாயிற்று. கிளட்சும் பிரேக்கும் கொண்டு திருப்பினால் வண்டி வெட்டி வெட்டித் திரும்புமே தவிர, இலக்கில் நிற்காது. அதற்காகவே நேடர் என்ற நீரழுத்த அமைப்பு வந்தது: எஞ்சின் இயக்கும் பம்பு எண்ணெயை அழுத்தி ஒரு மோட்டாரைச் சுழற்ற, அது ஒரு பக்கச் சங்கிலிப் பட்டையின் வேகத்தைக் கூட்டி, மறுபக்கத்தின் வேகத்தை அதே அளவு குறைக்கும். ஓட்டுநரே பீரங்கியையும் சுட்டதால், ஸ்டீயரிங் சக்கரமே அவருக்குக் குறிபார்க்கும் கருவி. அந்த எண்ணெய் நம் ஆமணக்கு எண்ணெய்தான்! ஆனால் நேடர் விலை மிகுந்தது, நுட்பமானது; உற்பத்தி மந்தமானதற்கு அதுவும் ஒரு காரணம். என் பார்வையில் பெரிய குறை வேறு: டாங்கித் தலைவர் ஒருவரே மேலிருந்த சிறிய சுழல் கோபுரத்தில் அமர்ந்து, அதிலிருந்த 47 மி.மீ. பீரங்கியை நிரப்பி, சுட்டு, கட்டளையும் இட வேண்டியிருந்தது.

கேள்வி: சோதனைகளால் என்ன மாறியது?

பதில்: 1931-இல் மூன்று முன்மாதிரிகளும் ஒரு சோதனைப் பிரிவாகத் திரட்டப்பட்டன. 25 மி.மீ. கவசம் போதாதென்று பி1-இல் 40 ஆகவும், பின்வந்த பி1 பிஸ் வகையில் 60 ஆகவும் உயர்ந்தது. எடையும் 31 டன்னைத் தாண்டியது.

கேள்வி: ஜெர்மனி பிரான்சைத் தாக்கிய 1940-இல் அந்தக் கவசம் பயன்பட்டதா?

பதில்: மே 16 அன்று ஸ்தோன் கிராமத்தில் கேப்டன் பியோட்டின் டாங்கி 140 குண்டடிகள் வாங்கியும் துளைபடவில்லை. ஆனால் எஞ்சின் வலுக்கூடியும் எரிபொருள் கொள்ளளவு அதே 400 லிட்டராகவே இருந்தது. ஸ்தோன் சண்டைக்கு முந்தைய நாள் பெல்ஜியத்தின் ஃபிளாவியோனில், எரிபொருள் நிரப்பக் காத்து நின்ற நிலையிலேயே பிரெஞ்சு முதல் கவசப் பிரிவின் டாங்கிகள் ஜெர்மானியரிடம் சிக்கின.